ஏழாம் நம்பர் பித்தளைத் தகடு

எங்கள் தொழிற்சாலையில் ஏ.சி. போட்ட அறை இரண்டே இரண்டு. ஒன்று மேனேஜருடையது. மற்றொன்று என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் அது அளவுக் கருவிகளுடைய அறை. சூட்டில் எஃகு விரிந்துவிடும், அளவு தப்பிவிடும். மனிதன் விரிந்தால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஆகவே மைக்ரோமீட்டரும் மைக்ராஸ்கோப்பும் இருபது டிகிரியில் சுகமாக இருக்க, அவற்றுக்குத் துணையாளாக நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பதவியின் பெயர் தர ஆய்வாளர். வயது நாற்பத்தாறு. செல்போனில் இன்கமிங் இலவசமாகி, ஆளுக்கு ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் அப்போது மாதத்துக்கு ஒரு தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் செய்தது விரல் நீளத்தில் ஓர் எஃகு ராடு. வண்டியின் பிரேக்குக்குள் எங்கேயோ போய் உட்காரும். அதை வண்டிக்காரர்கள் பார்த்ததே கிடையாது. பார்க்கிற நிலைமை வந்தால் வண்டி ஏற்கெனவே மரத்தில் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சம்பவம்தான் ஞாபகம். நாங்கள் அதைப் பற்றி டீக்கடையில் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுச் சாவைப் பற்றி அந்த வீட்டு வாசலிலேயே நின்று ஆராய்ச்சி செய்ய யாருக்கு வாய் வரும்? ஆனால் அரசியல் கொலைகளைப் பற்றிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எனவே வெகு தூரத்தில் நடந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடந்த ஆங்கிலப் புத்தகம் அது. கடல் தாண்டிய ஒரு நாட்டில், நான் அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு, நான் சொல்ல வந்ததைக் கேட்க மாட்டீர்கள். சுட்டவன் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, கையில் துப்பாக்கியோடு பிடிபட்டான். இதில் என்ன சர்ச்சை என்று கேட்பீர்கள். அதைத்தான் எங்கள் கேன்டீனும் கேட்டது.

துப்பாக்கிக் குழாயின் உட்புறம் என்னதான் வழுவழுப்பாக இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். தோட்டா அதன் வழியாகப் போகும்போது மேனியில் கீறல் விழும். ஒரு குழாயின் கீறல் இன்னொரு குழாய்க்கு வராது. ஆகையால் நிபுணர் அதே துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டுப் பார்த்து, அந்தத் தோட்டாக்களையும் உடம்பிலிருந்து எடுத்த தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுதான் என்று கோர்ட்டில் சொன்னார். சோதனைத் தோட்டாக்களை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். உறையின் மேல் துப்பாக்கியின் எண் எழுதியிருந்தது. அது வேறொரு துப்பாக்கியின் எண்.

எழுத்தில் வந்த தவறு என்றார் நிபுணர். இருக்கலாம். அவரைச் சுட்ட அறையின் கதவு நிலையிலும் கூரைப் பலகையிலும் ஓட்டைகள் இருந்தன, துப்பாக்கி கொள்ளும் தோட்டாக்களைவிட அதிகம் என்றார்கள் சிலர். சரி, நிலையையும் பலகையையும் கொண்டுவாருங்கள், எண்ணிவிடலாம் என்று கேட்டால், வைக்க இடமில்லாததால் அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. பல வருஷம் கழித்து நிபுணர்களைக் கூட்டி மறுபடி சுட்டுப் பார்த்தார்கள். அதே துப்பாக்கிதான் என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது துப்பாக்கி இருந்தது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை.

இதை நான் கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவே தினம் ஒரு தவணையாகச் சொல்லிவந்தேன். விளைவு, 'தோட்டா சார்' என்று பெயர் வந்தது. என் தட்டு இருக்கும் மேஜையில் இடம் எப்போதும் தாராளம். எதிரில் விடாமல் உட்கார்ந்தவர் ஒருவர்தான். ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவர். வடக்குப்பட்டுக்காரர், முப்பது வயசு, கிறிஸ்தவர். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பது மட்டும் வருஷா வருஷம் அவர்தான். ஒரே போடில் நாலாகப் பிளக்கும் கை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

"சுட்டவன் ஸ்பாட்லயே ஆப்ட்டுகினான்ல சார்?" என்பார்.

"மாட்டிக்கிட்டான்."

"கைல துப்பாக்கி கீது?"

"இருந்தது."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் நீ பேஜார் பண்ணிக்கினு கீற? கவர் மேல நம்பர் மாறிப்போனா செத்தவரு எந்துச்சி வந்துடுவாரா?"

"சுட்டது அவன்தான்யா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் கவரை வெச்சு அதை நிரூபிச்சேன்னு சொல்றான் பாரு, அதுதான் எனக்கு ஆகாது. ரெண்டும் வேற வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ சோத்த துன்னு."

பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பவர் எட்டாம் நம்பர் மெஷின்காரர். சாத்தூர்ப் பக்கம். மண்ணூரில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தார், இன்னும் நிரந்தரமாகவில்லை. "அண்ணாச்சி சொல்றதுல ஒரு ஞாயம் இருக்குல்ல" என்று என் பக்கம் பேசிவிட்டு, என் அப்பளத்தை எடுத்துக்கொள்வார்.

ஏழும் எட்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே லாரியில் வந்து இறங்கிய ஒரே மாதிரி மெஷின்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் அதே ராடு. மெஷினுக்குள் குழாய் மாதிரி ஒரு பாகம் உண்டு, அதைக் கைடு என்போம். ராடு அதன் வழியாகத்தான் தள்ளப்பட்டு வெளியே வரும். கைடின் உட்புறம் தேய்ந்து பிசிறு தட்டினால் ராடின் மேல் கீறல் விழும். துப்பாக்கியைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தது எங்கள் மெஷினைப் பற்றித்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நன்றாகப் படித்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முதல் நாள் மெஷின்களை நிறுத்தி, எண்ணெய் துடைத்து, தரையைக் கழுவுவார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் நடைபாதைப் பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் எண் இருக்கும். ஆடிட் வருகிறவர்கள் படிப்பதற்காக வைத்தது. ஓட்டுகிறவர் மறுபக்கம் நிற்பார், அதைப் பார்க்கவே மாட்டார். அத்தனை தகடுகளையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். மற்றவர்களெல்லாம் உடம்பு வளைந்து வேலை செய்துகொண்டிருக்க, அளவு அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தத் தகடுகளைக் கொடுத்தார்கள். படித்தவர், ஜாக்கிரதையாகச் செய்வார் என்று யாரோ சிபாரிசு செய்திருக்க வேண்டும். நான் புளியைக் கரைத்து, கொலை வழக்கின் அடுத்த தவணையை யோசித்துக்கொண்டே தேய்த்தேன். மாட்டினேன். பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பூஜை முடிந்து ஒரு வாரத்தில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முந்தின மாதம் நாங்கள் அனுப்பிய ஒரு பெட்டி ராடுகளில் நீளவாக்கில் மூன்று கீறல். அதில் ஒன்று சோதனையில் விரிசல் விட்டிருந்தது. பெட்டியோடு போயிருக்க வேண்டிய சீட்டு மழையில் நனைந்து கூழாகிவிட்டதால், எந்த மெஷின், எந்த ஆள் என்று தெரியவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு மன்னிப்பு கேட்டால் பிடிக்காது, காரணம் கேட்பார்கள். காரணம் என்றால் ஒரு மெஷின், ஒரு ஷிப்ட், ஓர் ஆள்.

மேனேஜர் என் அறைக்கு வந்தார். அவரே வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏழா எட்டா, சொல்லிடுங்க சார். உங்களாலதான் முடியும்."

இந்த வாக்கியத்தைக் கேட்டு நான் மயங்கவில்லை என்று எழுத முடியாது. சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் போய் இரண்டு மெஷினிலும் ஒவ்வொரு ராடு ஓட்டி எடுத்து, தகட்டைப் பார்த்து எண் எழுதி, நூலில் சீட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். நான் கீறல் விழுந்த ராடையும் அவற்றையும் மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து உருட்டினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கோடும் மூன்று கோட்டோடு வந்து உட்கார்ந்தன. அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் வரும் நிபுணர் போல் நிமிர்ந்து உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பொருந்தியது ஏழு என்று சீட்டுக் கட்டிய ராடு. கையெழுத்துப் போட்டேன். அடியில் கோடும் இழுத்தேன்.

மூன்றாம் நாள் வடக்குப்பட்டுக்காரருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. மெஷினை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார், கம்பெனிக்குக் கெட்ட பெயர் உண்டாக்கினார் என்று இரண்டு பக்கம். அவரை மெஷினிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் போட்டார்கள். விசாரணை முடிந்ததும் வேலையிலிருந்து நீக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எங்கள் வட்டாரத்தில் அதற்கு அர்த்தம் அந்த ஒரு கம்பெனியோடு நிற்காது. இங்கே ஆள் எடுக்கிற அதிகாரிகளெல்லாம் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்பவர்கள். ஒரு கேட்டில் விழுந்த பெயர், அடுத்த கேட்டுக்கு ஆளுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஒரு வழியும் வைத்திருந்தார்கள். தவறு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவர் எழுதவில்லை.

கேன்டீனில் என் எதிரில் தட்டை வைத்தார். உட்காரவில்லை.

"இன்னா சார், இன்னிக்குக் கதை இல்லயா?"

நான் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டேன்.

"எய்தி குடுன்றாங்க. நான் பண்ணாததுக்கு நான் ஏன் சார் எய்தி குடுக்கணும்? கைடு நல்லா கீது சார். டெய்லி நான் வெரல வுட்டுப் பாப்பேன்."

"மைக்ராஸ்கோப்புல பாத்தேன்யா. மூணு கோடும் அப்படியே பொருந்துது."

"எதோட?"

"ஏழாம் நம்பர் சாம்பிளோட."

"அது ஏழுன்னு உனுக்கு யாரு சொன்னா?"

"சீட்டுல எழுதியிருந்தது."

அவர் சிரித்தார். பூசணிக்காய் உடைக்கும்போதுகூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை. "ஆறு மாசமா எங்க காதுல ரத்தம் வர்ற வரிக்கும் சொல்லிகினு இருந்தல்ல, கவர் மேல நம்பர் மாறிப்போச்சின்னு? என் கவரப் பாத்தியா சார் நீ?"

தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். சாத்தூர்க்காரர் என்னைப் பார்த்தார், என் அப்பளத்தைப் பார்த்தார், எடுக்காமல் போனார். அதுதான் சுருக்கென்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஷிப்ட் மாறும் இடைவெளியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது தவறு என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மெஷின் செய்தவர்கள் அடிக்கட்டையில் வார்ப்பிலேயே ஓர் எண்ணைப் பொறித்திருப்பார்கள். எந்த வார்ப்பு எண்ணுக்கு எங்கள் எந்த எண் என்று மெஷின் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. மண்டி போட்டு, தலையைத் தரையோடு வைத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் படித்தேன். ஏழு என்று தகடு மாட்டிய மெஷினின் வயிற்றில் எட்டின் எண் இருந்தது. எட்டுத் தகட்டின் கீழே ஏழின் எண்.

புளித் தண்ணீரில் ஊறிய விரல்களும், பக்கத்தில் பக்கத்தில் ஈரமாகக் கிடந்த இரண்டு தகடுகளும், அந்த நேரத்தில் வேறு தேசத்துக் கதவு நிலையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்த என் மனசும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அந்த நிபுணராவது உறையின் மேல் தவறாக எழுதினார். நான் துப்பாக்கியின் மேலேயே எண்ணை மாற்றி மாட்டியவன்.

மறுநாள் காலை மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. காபி வரவழைத்தார்.

"வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் போயாச்சு சார். ஏழாம் நம்பர், ஆபரேட்டர் கவனக்குறைவு, நடவடிக்கை எடுக்கிறோம்னு எழுதியாச்சு. இப்போ போய், எங்க இன்ஸ்பெக்டர் பூஜைல தகட்டை மாத்தி மாட்டிட்டாருன்னு எழுதினா, ஆர்டர் நிக்குமா? ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போய் மாத்தி வெச்சுடுங்க. அவரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடும். யாருக்குத் தெரியப்போகுது?"

'எனக்குத் தெரியும்' என்பது நான் சொன்னதாகப் பிற்பாடு பல இடங்களில் சொல்லிக்கொண்ட பதில். அன்றைக்குச் சொன்னது, "சரி சார்."

ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏழு என்று தகடு மாட்டியிருந்த மெஷின் முன்னால் போய் நின்று, தகட்டின் முதல் திருகில் வைத்து, அரைச் சுற்றுச் சுற்றினேன். அப்போதுதான் அந்தக் கதவு நிலை ஞாபகம் வந்தது. வைக்க இடமில்லை என்று அதை அழித்தவர்களை நான் எத்தனை மாதம், எத்தனை கிண்டலோடு திட்டியிருக்கிறேன். திருகைத் திரும்ப முறுக்கிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரம் நான் செய்த ஒரே வீரச் செயல், ஒன்றும் செய்யாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போனேன். அந்த முருகன் என்னைவிட உயரமாக நிற்பவர். நியாயம் கேட்க வந்தவன் அண்ணாந்துதான் கேட்க வேண்டும். விசாரணைக்கு முன்னால் எனக்கு ஒரு நல்ல காய்ச்சலாவது கொடு என்று கேட்டேன். கொடுக்கவில்லை. வீட்டில் என் மனைவி, விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு, கீரையை ஆய்ந்துகொண்டே ஒன்று சொன்னாள்.

"எந்த ஊர்லயோ எவனோ எவரையோ சுட்டதுக்கு ஆறு மாசம் புலம்புனீங்க. சோத்துல கை வெச்சுக்கிட்டே மறந்து உக்காந்திருப்பீங்க. இது நீங்க சுட்டது. இதுக்கு நல்லாச் சாப்பிடுறீங்க."

அவ்வளவுதான். அன்று சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன். ஆனால் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணை எங்கள் பயிற்சி அறையில் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக அழைத்திருந்தார்கள். சுவரில் 'தரமே நம் மூச்சு' என்று நான் எழுதிப் பரிசு வாங்கிய வாசகம் தொங்கியது. மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர். எதிர்ப்பக்கம் வடக்குப்பட்டுக்காரர். குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். அவர் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் சாத்தூர்க்காரர். தகடு விஷயம் வெளியே வந்தால் அடுத்த குற்றச்சாட்டுக் கடிதம் யாருக்கு வரும் என்று நான் அவரிடம் முன்தினமே சொல்லியிருந்தேன். "தெரியும் அண்ணாச்சி" என்றார். வந்து உட்கார்ந்துவிட்டார்.

நிர்வாகத்தின் முதல் சாட்சி நான். வக்கீல் அறிக்கையை என் முன்னால் தள்ளினார்.

"இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா."

"அறிக்கையில் உள்ளது உண்மைதானே?"

"பாத்தது உண்மை சார். எழுதினது தப்பு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அதத்தான் சார் சொல்றேன். சாம்பிள்ல இருந்த சீட்டு, தகட்டைப் பாத்து எழுதினது. தகட்டை மாத்தி மாட்டினது நான். ஏழுன்னு நான் எழுதினது எட்டுல ஓட்டின ராடு. இந்தாங்க, பதிவேட்டு நகல். மெஷினைக் கூப்பிட்டு வர முடியாது, நீங்கதான் வந்து குனிஞ்சு பாக்கணும். தகட்டை அப்படியேதான் வெச்சிருக்கேன். மாத்தச் சொன்னாங்க, மாத்தல."

வக்கீல் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

"அப்படியென்றால் இவர் தவறு செய்யவில்லை என்கிறீர்களா?"

"எனக்குத் தெரியாது."

"செய்தார் என்கிறீர்களா?"

"அதுவும் தெரியாது. இந்தத் தாள்தான் தெரியும்னு சொல்லுது. என் கையெழுத்தை வெச்சுக்கிட்டுச் சொல்லுது. அதை நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"அதெல்லாம் திருப்பி வாங்க முடியாதுங்க. சாட்சி பிறழ்ந்ததாக எழுத வேண்டியிருக்கும்."

"எழுதிக்குங்க சார். அடியில நான் கையெழுத்துப் போடறேன். இந்தத் தடவை படிச்சுட்டுப் போடறேன்."

"அப்போ எட்டாம் நம்பர் ஓட்டினவர்தான் காரணம்" என்றார் மேனேஜர். கையில் அடுத்த பெயர் தயாராக இருப்பது குரலில் தெரிந்தது.

"சார், கீறல் கைடு போட்டது. அந்த வழியா யார் தள்ளினாலும் விழும், நீங்க தள்ளினாலும் விழும். தோட்டாவுல குழாயோட கீறல்தான் இருக்கும், விரலோட ரேகை இருக்காது." இந்த வாக்கியத்தை நான் வீட்டில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவசரமாகச் சொன்னதில் அதன் அழகு பாதி போய்விட்டது.

சாத்தூர்க்காரர் எழுந்து நின்றார். நிற்கத் தேவையில்லை என்று வக்கீல் கைகாட்டியும் உட்காரவில்லை.

"அய்யா, எட்டு நான் ஓட்டுன மெஷின். கைடு தேஞ்சுபோச்சு, மாத்தணும்னு ரெண்டு தடவை மெயின்டனன்ஸ் நோட்டுல எழுதியிருக்கேன். அந்த நோட்டக் கொண்டாரச் சொல்லுங்க. எழுதிப் போட்டும் ஓட்டச் சொன்னாக, ஓட்டுனேன். இவரு பாவம், இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

நோட்டு வந்தது. இரண்டு இடத்தில் அவர் எழுத்து இருந்தது. எதிரே கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் இரண்டிலும் காலி. அந்தப் பழைய கைடைக் கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னாலும் ஒரு ராடைத் தள்ளிப் பார்த்துவிடலாம் என்றேன் நான். அது கிடைக்கவில்லை. புகார் வந்த வாரமே புதிது மாட்டிவிட்டு, பழையதைக் கழிவு இரும்போடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். எங்கும் மனிதர்கள் இப்படித்தான் போலிருக்கிறது. வைக்க மட்டும் இடம் கிடைப்பதில்லை.

வெளியே வந்ததும் வடக்குப்பட்டுக்காரர் என்னை மடக்கினார். நன்றி சொல்வார் என்று நினைத்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"இன்னா சார் நீ, தெரியாதுன்ற? நான் பண்லன்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியும்யா."

"அப்பறம் ஏன் உள்ள தெரியாதுன்ன?"

"அளந்து பாக்கலயே."

"உன்ன வெச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி மடிக்கப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் குற்றச்சாட்டைக் கைவிட்டதாக அவருக்குக் கடிதம் வந்தது. சாத்தூர்க்காரர் மேல் புதிதாக ஒன்று தயாராவதாகக் கேள்விப்பட்டு, அந்த விசாரணைக்கும் சாட்சியாக வரத் தயார் என்று யாரும் கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். என்னை இன்னொரு முறை சாட்சியாக உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த நோட்டின் காலிக் கட்டங்களும் எங்கேயோ வேலை செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு இரண்டாவது கடிதம் போயிற்று. ஆர்டர் நின்றுபோகவில்லை. மறுமாதமும் அதே ராடைத்தான் கேட்டார்கள்.

எனக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஐந்து வரியில் பதில் எழுதினேன். தகடுகளை மாற்றி மாட்டியது நான். சீட்டைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றதும் நான். முதல் இரண்டுக்கும் வருந்துகிறேன். வேறு ஏதேனும் விளக்கம் தேவையென்றால் அழைக்கவும். அழைக்கவில்லை. ஏ.சி. அறையிலிருந்து எடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் கச்சா இரும்பு வந்து இறங்கும் தகரக் கொட்டகையில் போட்டார்கள். பத்து மாதம் எஃகோடு சேர்ந்து நானும் விரிந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் கொட்டகையில் கிடந்தபோது வடக்குப்பட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். அவர் மறுபடி ஏழில்தான் இருந்தார். கையில் புளி போட்டுத் தேய்த்த இரண்டு தகடுகள். பின்னால் சாத்தூர்க்காரர் ஸ்க்ரூ டிரைவரோடும் என் டார்ச்சோடும் நின்றார். நான் தகட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"நீ தொடாத சார். கீய படு."

"எதுக்கு?"

"நம்பரப் படி. நீ படிச்சாத்தான் மாட்டுவேன்."

புதுச் சட்டையோடு எண்ணெய்த் தரையில் மண்டி போட்டு, தலையைச் சாய்த்து, டார்ச் அடித்து வார்ப்பு எண்ணைப் படித்தேன்.

"இன்னொரு தபா."

படித்தேன்.

"அண்ணாச்சி, எட்டையும் படிச்சுருங்க" என்றார் சாத்தூர்க்காரர்.

படித்துவிட்டு எழுந்தபோது முதல் திருகு இறங்கியிருந்தது. வடக்குப்பட்டுக்காரர் இரண்டாவதை முறுக்கிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கதவு நெலை இன்னா சார் ஆச்சு, கடசீல?"